கல்லை நம்பி வரைந்த படம்

எங்கள் வயலின் நடுவில் ஒரு புதர் இருந்தது. காரை முள்ளும் கள்ளியும் பின்னிக் கிடக்கும், ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். நைனா, அதாவது என் அப்பா, அதைச் சுற்றி வளைத்துத்தான் ஏர் ஓட்டுவார். கடலை போட்டாலும் கேழ்வரகு போட்டாலும் அந்த இடம் மட்டும் அப்படியே கிடக்கும்.

"அங்க பாம்பு கீது பாப்பா. கிட்ட போவாதே" என்பார்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சொன்ன நாளிலிருந்து அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நாகசதுர்த்தி, எங்கள் பக்கத்தில் நாகுல சவிதி, வந்தால் நைனா ஒரு சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அந்தப் புதரடியில் ஊற்றிவிட்டு வருவார். வேறு எந்தச் சாமிக்கும் கும்பிடு போடாத மனிதர் அவர். எங்கள் ஊரிலிருந்து காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் கூப்பிடு தூரம். விநாயகர் சதுர்த்தி அன்று ஊரே போகும். நைனா மட்டும் வர மாட்டார். "எனக்கு கூட்டம் ஆவாது" என்பார். சித்தூர் சந்தைக் கூட்டம் மட்டும் எப்படி ஆகிறது என்று அம்மா கேட்பதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அந்த வயல் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலனியில் நைனாவுக்கு முந்தைய தலைமுறையில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கினவர்கள்தான். அப்புறம் ஒரு சமயம் அரசாங்கம் ஏரிக்கு மேலே கிடந்த கரம்பைப் பிரித்து ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கர் பட்டா கொடுத்தது. நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பட்டாவில் இருக்கும் நான்கு எல்லையையும் மூச்சு விடாமல் சொல்வார். மேற்கே வண்டிப்பாட்டை, வடக்கே ஓடை, தெற்கே பனைமர வரப்பு, கிழக்கே மூன்று ஊர் எல்லையும் சேருகிற கல். அந்தக் கல்லில் வெள்ளைக்காரன் காலத்து அம்புக்குறி செதுக்கியிருக்கும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து ஒரு காலை ஒரு ஊரிலும் இன்னொரு காலை இன்னொரு ஊரிலும் வைத்துக்கொள்வேன். உலகத்தில் அசையாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கல்தான் என்று நம்பியிருந்தேன்.

நான் சித்தூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்தபோது கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் பெங்களூருக்கும், கொஞ்சம் துணிந்தவர்கள் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். எனக்குப் பெங்களூர் பஸ்ஸில் ஏறவே பயம். திருப்பதியில் வேலை கிடைத்தது. அலிபிரி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் மொட்டைத் தலைகளும் கோவிந்தா சத்தமும். உள்ளே நாங்கள் நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், தெலுங்குக்கார மேனேஜர் ஒருவர். ரோடு எங்கே போட வேண்டும், ஆலை எங்கே வர வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் கேட்டால் படம் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை.

படம் வரைய ஆர் என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட கம்ப்யூட்டர் மொழி. மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கிற வேலை அதில் இல்லை. எல்லாம் எழுத்து. எல்லைத் தகவலை இறக்கு என்று ஒரு வரி எழுதி என்ட்டர் தட்டினால், எங்கோ ஒரு யுனிவர்சிட்டிக் கம்ப்யூட்டரிலிருந்து இந்தியாவின் எல்லை இறங்கி வரும். அந்த வரியிலேயே மட்டம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் கொடுத்தால் நாடு, ஒன்று கொடுத்தால் மாநிலங்கள், இரண்டு மாவட்டங்கள், மூன்று மண்டலங்கள். முதல் நாள் நான் மூன்று கொடுத்து, அதில் சித்தூரை மட்டும் பிரித்துத் திரையில் போட்டேன். எங்கள் மண்டலமான பங்காருபாளையம் ஒரு மூலையில் சின்னத் துண்டாகத் தெரிந்தது. மாங்காய் சீசனில் அம்மாவும் நானும் கூடை சுமந்த தோப்பெல்லாம் அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்ததும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு ஊரை எடுத்து மேஜைமேல் போட்டுவிடலாமா?

இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலை வந்தது. சித்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு சிடி கொடுத்தார். அதில் இரண்டு சமாசாரம். ஒன்று, சாட்டிலைட் படத்தின்மேல் கம்பெனிக்காரர்கள் போட்ட சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் இருக்கிற நிலம் எடுக்கப்படும். இரண்டாவது, கிராம எல்லைகளும் ஒவ்வொரு வயலின் சர்வே நம்பரும் உள்ள எல்லைத் தகவல். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கோட்டுக்குள் எந்தெந்த சர்வே நம்பர் வருகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலை அவர் சித்தூர் ஆபீசுக்குக் கொண்டுபோவார். நோட்டீஸ் அதை வைத்துத்தான் போகும்.

"வெளிய யாருக்கும் செப்பகூடாதும்மா. வீட்ல கூட. தெரிஞ்சா புரோக்கருங்க வந்துடுவாங்க" என்றார். அவருடைய தமிழில் பாதி தெலுங்கு இருக்கும்.

சரி சார் என்றேன். சீட்டுக்கு வந்து சிவப்புக் கோட்டைத் திரையில் போட்டேன். கோட்டின் கிழக்கு ஓரத்தில் ஓர் ஏரி. அந்த ஏரியின் வடிவத்தை எனக்குத் தெரியும். அதற்கு மேலே பனைமர வரிசையைத் தெரியும்.

எங்கள் ஊர். எங்கள் வயல். கோடு வயலுக்கு மேலேயே ஓடுகிற மாதிரி இருந்தது. உள்ளேயா வெளியேயா?

அதைச் சொல்ல வேண்டியது சர்வே எல்லை. அதை ஏற்றினேன். ஏற்றியதும் இன்னொரு அதிர்ச்சி. ஏரி, ஏரியில் இல்லை. தகவலில் இருந்த ஏரி கரையைத் தாண்டிப் போய் யாருடைய நெல்வயலிலோ கிடந்தது. வயல்கள் எல்லாம் இடம் பெயர்ந்திருந்தன.

காரணம் தெரிந்ததுதான். பூமி என்ன வடிவம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கணக்கு வைத்தார்கள். சாட்டிலைட் வந்த பிறகு வேறு கணக்கு. பழைய கணக்கில் வரைந்ததைப் புதிய கணக்குப் படத்தின்மேல் போட்டால் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போய் விழும். இந்தத் தகவல் எந்தக் கணக்கு என்று சொல்ல ஒரு குட்டி ஃபைல் கூடவே வர வேண்டும். சிடியில் அதைக் காணோம். யாரோ காப்பி பண்ணும்போது விட்டிருக்கிறார்கள்.

"அப்படின்னா தரையில நாலு இடம் பாத்து, ஜிபிஎஸ் எடுத்து சரி பண்ணு" என்றார் மேனேஜர். படத்திலும் இருக்கிற, தரையிலும் இருக்கிற ஓர் இடத்தை எடுத்து, படத்துப் புள்ளியைத் தரைப் புள்ளிமேல் கொண்டுபோய் வைத்தால் மொத்த ஊரும் நகர்ந்து இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் மற்ற மூன்றும் காட்டிக் கொடுக்கும். அதற்குத்தான் நாலு.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஜிபிஎஸ் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். நைனாவிடம் எதற்கென்று சொல்லவில்லை. ஆபீஸ் வேலை, சர்வே கல் எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அவர் சோறு தின்றுகொண்டிருந்த கையை நிறுத்தினார். "கல்லு இன்னாத்துக்கு?"

"அளக்கணும்."

"கல்லுல்லாம் ஏது? துணி தோய்க்க பேத்துக்கினு பூட்டானுங்க. சர்ச்சு கீதே, அத்த அளந்துக்கோ. கோயில் கெணறு கீது."

"மூணு ஊரு கல்லு இருக்குல்ல நைனா? அதைவிட நல்ல புள்ளி எது?"

"அது இன்னா, அதுவும் கல்லுதான்" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. படித்தவள் நான், எதை அளக்க வேண்டும் என்று இவர் எனக்குச் சொல்வதா? மத்தியானம் போய்க் கல்லின் தலையில் பெட்டியை வைத்துக் கால் மணி நேரம் நின்றேன். நைனா ஓடைப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புதரைச் சுற்றித்தான் போனேன், சுற்றித்தான் வந்தேன். மற்ற மூன்று புள்ளிக்கு நான் போகவில்லை. வெயில், பஸ்ஸுக்கு நேரம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கல்மேல் இருந்த நம்பிக்கை.

மறுநாள் ஆபீசில் படத்தை நகர்த்தினேன். கல் கல்மேல் வந்து உட்கார்ந்தது. ஏரியும் ஏறக்குறைய ஏரியில் வந்து உட்கார்ந்தது. வற்றிய ஏரி, கரை எது தரை எது என்று சாட்டிலைட் படத்தில் சரியாகத் தெரியாது. அந்த ஏறக்குறையவை நான் கேள்வி கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் என் கண் எங்கள் வயலுக்குப் போய்விட்டது.

வெளியே. எங்கள் ஒன்றேகால் ஏக்கர் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஒட்டினாற்போல நின்றது.

நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் மேற்கு ஓரத்தைப் பார்த்தேன். அங்கே சர்ச் தெருக்காரர்களின் ஆறு வயல் கோட்டுக்குள் வந்திருந்தது. அதில் ஒன்று சின்னம்மாவுடையது.

சின்னம்மா உறவில்லை. அம்மாவோடு மாந்தோப்பில் வேலை செய்தவள். மிஷன்காரர்கள் காலத்திலிருந்தே வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய், வருஷத்துக்கு இரண்டு தடவை தலை காட்டுகிறவர். அந்த வயலில் அவளே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி மாங்கன்று வைத்திருந்தாள். அந்த வருஷம்தான் முதல் பூ. பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவள் சர்வே நம்பரைப் பட்டியலில் டைப் செய்தேன். நம்முடையது தப்பித்ததே என்கிற நிம்மதிக்கு முன்னால் அந்தப் பாவம் ரொம்பச் சின்னதாக இருந்தது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

பட்டியலை மேனேஜரிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை சித்தூர் போகிறேன், அதோடு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

புதன்கிழமை காலை, பட்டியலோடு வைக்க ஒரு அழகான படம் வேண்டுமென்றார். ரோடு, பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் போட்டு. சர்ச்சுக்குத் தனி சர்வே நம்பர் உண்டு, பழைய மிஷன் நிலம். அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

மஞ்சள் கட்டம் தார் ரோட்டின் நடுவில் வந்து நின்றது.

ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். மறுபடியும் ரோட்டில்தான். சாட்டிலைட் படத்தில் சர்ச்சின் ஓட்டுக் கூரை தெளிவாகத் தெரிந்தது, மஞ்சள் கட்டத்துக்கு மேற்கே எழுபது மீட்டர் தள்ளி. கோயில் கிணறும் எழுபது மீட்டர். பள்ளிக்கூடமும் எழுபது மீட்டர். கல் மட்டும் துல்லியமாகக் கல்மேல்.

சர்ச் நடக்காது. கிணறு நடக்காது. அப்படியென்றால் எது நடந்தது?

கல் எழுபது மீட்டர் கிழக்கே போயிருந்தால், அதைப் பிடித்து நகர்த்திய என் படமும் மொத்த ஊரையும் எழுபது மீட்டர் கிழக்கே தள்ளியிருக்கும். எழுபது மீட்டரை மேற்கே இழுத்துப் பார்த்தால் சர்ச் சர்ச்சில் வந்து நிற்கிறது. சின்னம்மா வயல் கோட்டைவிட்டு வெளியே போகிறது. எங்கள் வயல் உள்ளே வருகிறது.

சர்வே கல்லைப் பிடுங்கினால் ஜெயில் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கல்லைக் கிழக்கே நகர்த்தினால் யாருக்கு லாபம்? கிழக்கே புறம்போக்கு. புறம்போக்கை ஒட்டி இருக்கிற ஒரே வயல் எங்களுடையது. பட்டாவில் ஒன்றேகால் இருக்கிற எங்கள் வயலில், நைனா வருஷா வருஷம் இரண்டரை ஏக்கருக்கு விதைக் கடலை வாங்கியதை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசித்ததில்லை.

மொட்டை மாடிக்குப் போய் நைனாவின் செல்லுக்கு அடித்தேன்.

"நைனா, அந்தக் கல்லு எப்பவாவது இடம் மாறிச்சா?"

"இல்லியே. கல்லு எங்க மாறும்?"

"யாரும் நகத்தலியா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

நான் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. "இதையே காணிப்பாக்கம் வந்து, சாமி முன்னாடி சொல்லுவியா?"

காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி எழுந்து, பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை. திருடன்கூடக் கோயில் வாசலில் ஒப்புக்கொண்டுவிடுவான். நைனா போனை வைத்துவிட்டார்.

அன்று முழுக்க நான் மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போய்ச் சொன்னால் என் வேலை போகும், எங்கள் வயல் போகும், நைனா ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. நாளைக்குப் பட்டியல் சித்தூர் போகும். சின்னம்மா நோட்டீஸை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்லு கண்ணு என்று என்னிடமே வருவாள். எது அதிகப் பயம் என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு ஆபீஸ் வந்தால் லாட்ஜ் வாசலில் நைனா நிற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. திருப்பதி மொட்டைகளுக்கு நடுவில் அவரை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. என் ஆபீசுக்கு அவர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"அந்தப் படத்தக் காட்டு" என்றார்.

மேலே கூட்டிப் போனேன். யாரும் வந்திருக்கவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்ற மேனேஜரின் பேச்சு நினைவுக்கு வந்தது. இனிமேல் எதைக் காப்பாற்றி என்ன என்று தோன்றியது. திரையில் சாட்டிலைட் படத்தை மட்டும் போட்டேன். நைனா குனிந்து பார்த்தார். முதலில் ஏரியைக் கண்டுபிடித்தார், பிறகு ஓடை, பனை வரிசை. தன் வயலை மேலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பழுப்பு வயலின் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு.

விரலை அதன்மேல் வைத்தார். "கல்லு இங்க இருந்தது."

புதர். பாம்புப் புதர்.

"நீ மூணாங்கிளாஸ் படிக்க சொல்லோ. சதுர்த்திக்கி ஊரே காணிப்பாக்கம் பூட்சி. உன்ன எதிர்வூட்டுக்காரங்களோட அனுப்பிட்டு, நானும் உங்கம்மாவும் மாட்டக் கட்டி இழுத்தோம். அதுக்கு அப்பால கெடந்த பொறம்போக்க பெரிய ஊரு ஆளுங்க வளைக்கப் போறாங்கன்னு பேச்சு. அவங்க வளைச்சா யாரு கேக்கறது? நாமளே வளைச்சிக்கினா இன்னான்னு தோணிச்சி. கல்ல பேத்தா அடியில கரியும் ஓட்டுத் துண்டும். பயந்துட்டேன். அத்தத் தோண்டியெடுக்க கை வரல. மேல முள்ள வெட்டிப் போட்டேன். ஏர் போனா கரி மேல வந்துடும்னு சுத்தி ஓட்டினேன்."

"பாம்பு?"

"பாம்பு ஏது?" என்றார். "புள்ளிங்க தோண்டிடக்கூடாதில்ல."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் நான் பயந்த பயத்துக்கு யார் பதில் சொல்வது? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் என்னுடையதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது.

பச்சைப் பொட்டின்மேல் மவுஸை வைத்து அதன் இடத்தைக் குறித்துக்கொண்டேன். புரோகிராமில் கல்லின் புள்ளி இருந்த வரியை அழித்து அங்கே புதரின் புள்ளியை எழுதினேன். என்ட்டர் தட்டினால் ஊர் நகரும். விரல் கீழே இறங்க மாட்டேன் என்றது.

"இத்தத் தட்னா நம்முது உள்ள பூடுமா?" என்றார் நைனா.

"பூடும்."

"பொறம்போக்கு?"

"அதுக்குப் பட்டா இல்லியே நைனா. அளக்க வந்தா அதுவும் போகும்."

"தட்டலன்னா?"

"சர்ச் தெருவுல ஆறு வயல். சின்னம்மாவோடதும்."

அவர் மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "ஜெயில்ல போடுவாங்களா பாப்பா?"

"தெரியல நைனா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான்" என்றார். "தட்டு."

தட்டினேன். வயல்கள் நகர்ந்தன. சர்ச் சர்ச்சில் உட்கார்ந்தது. கிணறு கிணற்றில். ஏரி, ஏறக்குறைய இல்லை, கரை கரையாகவே ஏரியில். சின்னம்மாவின் வயலும் மற்ற ஐந்தும் கோட்டுக்கு வெளியே போயின. எங்களுடையது உள்ளே. பட்டியல் புதிதாக வந்தது. மூன்றாவது வரியில் நைனாவின் சர்வே நம்பர்.

மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். பட்டியல் தப்பு, மாற்றியிருக்கிறேன் என்றேன். அவர் கத்த ஆரம்பித்தார். நாலு புள்ளி எடுக்கச் சொன்னேனே, ஒன்றுதான் எடுத்தாயா, இது மட்டும் சித்தூர் போயிருந்தால் என் மானம் என்ன ஆவது, இந்தக் கிழவர் யார், ஆபீசுக்குள் யாரைக் கேட்டு விட்டாய்?

"எங்க நைனா சார். மூணாவது நம்பர் இவருது."

அவர் பட்டியலைப் பார்த்தார். பழைய பட்டியலை எடுத்து அதையும் பார்த்தார். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை நைனா பக்கம் நகர்த்தி, "கூர்ச்சோண்டி" என்று உட்காரச் சொன்னார். அதற்கப்புறம் கத்தவில்லை. மீதி மூன்று புள்ளியையும் மறுநாளே போய் எடுக்கச் சொன்னார். சித்தூர்ப் பயணத்தைத் தள்ளிப் போட்டார். என் வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

இரண்டு மாதம் கழித்து சர்வேயர்கள் வந்தார்கள். நானும் லீவு போட்டுப் போயிருந்தேன். ஊரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கல் எங்கே என்று கேட்டதும் நைனா அவர்களைக் கல்லுக்குக் கூட்டிப் போகவில்லை. கொடுவாளை எடுத்துப் புதரை வெட்டினார். பாம்பு இல்லை என்று தெரிந்தும் நான் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூரத்தில்தான் நின்றேன். கடப்பாரை இரண்டடி இறங்கியதும் கரி வந்தது. உடைந்த ஓட்டுத் துண்டுகள் வந்தன. எல்லைக்கல்லுக்கு அடியில் அந்தக் காலத்தில் சாட்சிக்குப் போட்டு வைப்பார்களாம். சர்வேயர் ஒரு துண்டை எடுத்து உதறிவிட்டு, இங்கேதான் என்றார். கல்லை யார் நகர்த்தியது என்று கேட்டார். நான்தான் என்றார் நைனா. சர்வேயர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் சங்கிலியை இழுக்கப் போனார்.

நைனா குழிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்திலிருந்து சின்னம்மா வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள்.

நைனா நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரே காணிப்பாக்கம் பூட்சின்னு நெனச்சிக்கினியே, நாங்க எங்க போனோம்? சர்ச் தெரு முச்சூடும் இங்கதான் இருந்தோம். நீயும் அக்காவும் கல்ல இழுக்கறத நான் வண்டிப்பாட்டையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். வருஷா வருஷம் நீ பாம்புக்குப் பாலு எடுத்துக்கினு போவ சொல்லோ எனக்கு அப்டி சிரிப்பு வரும்."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"இன்னாத்துக்குச் சொல்றது? பொறம்போக்குதான? நீ யாரு வயித்துல அடிச்சே?"

நைனா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சின்னம்மா மடியிலிருந்து இரண்டு மாங்காயை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் மரத்தின் முதல் காய். "உங்களுது பூட்சேன்னு இருக்குது கண்ணு. எங்குளுது எப்டியோ தப்பிச்சிக்கிச்சி, ஆண்டவர் கிருபை" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் சர்வே நம்பர் மூன்று நாள் என் பட்டியலில் இருந்தது. அதை டைப் செய்தது என் விரல். சர்ச் மட்டும் ரோட்டில் வந்து நிற்காமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவள் எங்களுக்காக அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நானும் அவளிடம் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் அந்த மரத்துக் காய் எங்கள் வீட்டுக்கு வருகிறது. போன் செய்து, காய் எப்படி இருந்தது கண்ணு என்று கேட்பாள். நல்லா இருந்துச்சு சின்னம்மா என்பேன். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பயமாக இருக்கிறது.